கொடுங்கோலனின் மந்திரத்தில் தப்பியவள் பழிதீர்க்கக் கிளம்பினால்: பாத்திரம் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை இரவு எட்டு மணி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபம், ஒரு நீட்டு மேசை, ஆறு நாற்காலி, ஒரு பிளாஸ்க் தேநீர். அங்கேதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு அது. கதையை நடத்துகிறவர் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கொண்டுவரும் பாத்திரம் ஒன்றேதான். ஊரை ஒரு கொடுங்கோலன் அழித்தான், அவன் மந்திரத்துக்கு ஒருவன் மட்டும் தப்பினான், இனி பழிவாங்கப் போகிறான்.

நல்ல கதைதான். ஆனால் மூன்றாவது வாரத்திலேயே நொண்ட ஆரம்பித்துவிடும். கோளாறு கதையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. முதலில் பெயர், அப்புறம் கிளாஸ் (வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகை), அப்புறம் ஐந்து பக்கம் சோகம், கடைசியாகத்தான் மந்திரம் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. 2014 விதிகளின் அடிப்படைப் பகுதி, அதாவது எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கீழே நான் போடும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். 2024 பதிப்பில் சில மந்திரங்கள் மாறியிருக்கின்றன, உங்கள் மேசை எதில் ஆடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு பகடை கொண்ட ஒரு செட், பென்சில், ஒரு பள்ளி நோட்டு. பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

1. எழுதுவதற்கு முன் டிஎம்மிடம் மூன்று கேள்வி

முதல் கேள்வி: இந்த ஆட்டத்தில் ஒரு கொடுங்கோலனுக்கு இடம் இருக்கிறதா? ஒரு தம்பி வடக்குப் பனிமலை மன்னனைப் பழிவாங்கும் வீரனை அமைத்துக்கொண்டு வந்தார். நான் தயார் செய்து வைத்திருந்ததோ தெற்குத் தீவுகளில் நடக்கும் கடல் கதை. மன்னன் கடைசிவரை கண்ணில் படவே இல்லை. தப்பு அவர்மேல் பாதி, முன்கூட்டியே சொல்லாத என்மேல் பாதி.

இரண்டாவது கேள்வி: ஆட்டம் எந்த லெவல் வரை, அதாவது பாத்திரங்களின் பலம் எந்தப் படி வரை போகும்? எங்கள் மேசையில் இதுவரை எதுவும் ஏழாம் லெவலைத் தாண்டியதில்லை. எஸ்பிஎம் பரீட்சை வரும், ஷிப்ட் மாறும், யாருக்காவது கல்யாணம் நடக்கும். பழி பதினைந்தாம் லெவலில்தான் தீரும் என்று எழுதினால் அது தீராமலே போய்விடும்.

மூன்றாவது கேள்வி: மேசையில் எது வேண்டாம்? பழிவாங்கும் கதைக்குள் சித்திரவதை, குழந்தைச் சாவு, பெண்களுக்கு நேரும் கொடுமை எல்லாம் தானாக நுழைந்துவிடும். ஒவ்வொருவரும் தாங்க முடியாததை முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவில் தாங்கவில்லை என்றால் தொட்டுக்காட்ட மேசை நடுவே ஒரு அட்டை கிடக்கட்டும், தொட்டவரிடம் யாரும் காரணம் கேட்கக்கூடாது. எங்கள் மேசையில் மலாய், சீன நண்பர்களும் ஆடுகிறார்கள். அதனால் கதையில் கோயில், சாமி வருவது சரிதானா என்பதையும் கேட்டுக்கொள்கிறேன்.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கை. எல்லாருக்கும் தெரிந்த உண்மையான ஓர் ஆளைக் கொடுங்கோலனாக்காதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தது. அரைமணி நேரம் சிரிப்பாக இருந்தது, பிறகு ஒருவருடைய மாமா அந்த ஆளிடம் வேலை செய்கிறார் என்று தெரிந்தது. அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது.

2. முதலில் மந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்

“அவன் பயங்கரமான மந்திரம் போட்டான்” என்று எழுதினால் போதாது. எந்த மந்திரம்? விதிப்புத்தகத்தில் பெயரோடு இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள். ஒவ்வொரு மந்திரத்துக்குள்ளும் பாதிக் கதை ஏற்கெனவே இருக்கிறது.

புதியவர்கள் உடனே ஃபயர்பால் என்ற நெருப்புக்கோளத்துக்குத்தான் போவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபயர்பால் 8டி6, அதாவது ஆறுமுகப் பகடை எட்டு, சராசரி 28 சேதம். சாதாரணக் கிராமவாசிக்கு இருப்பது 4 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி. சேவிங் த்ரோவில், அதாவது மந்திரத்தைத் தாங்க உருட்டும் பகடையில், ஜெயித்தாலும் பாதி, 14. பூஜ்யத்துக்குப் போன பிறகு மிஞ்சும் சேதம் ஆளின் முழு ஹிட் பாயின்ட் அளவுக்கு இருந்தால் அங்கேயே சாவு. ஆக, உங்கள் ஆள் அந்த நெருப்புக்குள் நின்றிருந்தால் கதையே கிடையாது. “எப்படியோ பிழைத்தான்” என்று எழுதினால், கணக்குத் தெரிந்தவர் மேசையில் சிரிப்பார்.

ஃபிங்கர் ஆஃப் டெத் வேறு மாதிரி. 7டி8+30, சராசரி 61க்கு மேல். அதில் செத்த மனிதன் ஸோம்பியாக எழுந்து, மந்திரம் போட்டவனுக்கே என்றென்றும் அடிமையாகிவிடுவான். இதை உங்கள் பாத்திரத்தின்மேல் போடாதீர்கள், பக்கத்தில் நின்ற அண்ணன்மேல் போடுங்கள். அண்ணன் இன்றும் அவன் வாசலில் காவல் நிற்கிறான்.

மாடிஃபை மெமரி டிஎம்முக்கு விருந்து. முந்தைய 24 மணி நேரத்துக்குள் நடந்த பத்து நிமிடத்தின் நினைவை மாற்றி எழுதலாம். அப்படியானால் நீங்கள் பழிவாங்கத் துடிக்கும் ஆள் சரியான ஆள்தானா? இதை எடுத்தால் விடையை டிஎம்மிடம் விட்டுவிடுங்கள், உங்களுக்கே தெரியக்கூடாது.

கீயஸ் அழகான மந்திரம், நிறையப் பேர் தவறாக எடுக்கிறார்கள். போட்டவன் இடும் கட்டளையை மீறினால் நாளுக்கு ஒருமுறை 5டி10 சேதம். ஆனால் சாதாரணமாகப் போட்டால் 30 நாள்தான் நிற்கும். “பத்து வருஷமாக அவன் கட்டளைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தேன்” என்றால், அவனிடம் ஒன்பதாம் நிலை, அதாவது உச்ச நிலை மந்திர சக்தி இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவனை நீங்கள் இந்த ஆட்டத்தில் நெருங்கப் போவதில்லை.

எனக்குப் பிடித்தது ஃபிளெஷ் டு ஸ்டோன். சதையைக் கல்லாக்கும் ஆறாம் நிலை மந்திரம். இதன் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தால் கதை தானாக எழுந்து வரும்.

முதல் சேவிங் த்ரோவில் தோற்றால் உடம்பு இறுகும், நகர முடியாது. அப்புறம் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சேவ். மூன்றில் ஜெயித்தால் விடுதலை, மூன்றில் தோற்றால் கல். ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. அப்படியென்றால் தான் கல்லாவதை அந்த ஆள் ஏறக்குறைய 18 விநாடி உணர்ந்துகொண்டே நின்றிருக்கிறான். அந்த 18 விநாடியில் யாரைப் பார்த்தான்?

அடுத்தது, மந்திரம் நிரந்தரமாக நிற்க வேண்டுமானால் போட்டவன் ஒரு முழு நிமிடம் கவனம் கலையாமல் இருக்க வேண்டும். கல் எறிந்து காயப்படுத்தினால்கூட அவன் சேவ் பண்ணித்தான் ஆக வேண்டும், தோற்றால் மந்திரம் கலைந்துவிடும். ஆகவே அந்த ஒரு நிமிடம் ஊரே சுற்றி நின்றிருக்கிறது, ஒருவர்கூட ஒரு கல்லை எடுக்கவில்லை. பழி கொடுங்கோலனோடு நிற்குமா இப்போது?

கல்லாக இருக்கும்வரை வயது ஏறாது. கல்லில் ஏதாவது உடைந்தால், உயிர் திரும்பும்போது உடம்பிலும் அந்தக் குறை இருக்கும். இந்த இரண்டு வரியையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

3. எப்படித் தப்பினாள் என்பதை ஒரே வாக்கியத்தில்

எங்கள் மேசையில் ஒரு பெண் அமைத்த பாத்திரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், அவர் அனுமதியோடு. பாத்திரத்தின் பெயர் அஞ்சலை. (மற்றவர்கள் எல்லாம் ரத்தநிழல், இருட்கத்தி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த வாரம் அது.)

அந்தப் பெண்ணுடைய பாட்டி பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். மரத்தில் பால் நன்றாக ஓடுவது வெயில் ஏறுவதற்கு முந்தைய குளிர்ந்த நேரத்தில்தான், அதனால் விடியுமுன்னே காட்டுக்குப் போய்விடுவார்கள். அஞ்சலையும் அப்படித்தான், மந்திர மரங்களில் பிசின் வெட்டுகிறவள். இருட்டில் நிரையில் நின்றிருந்தபோது மந்திரவாதி மன்னன் வந்தான். வரி கேட்டான், மாட்டேன் என்றாள், கல்லானாள்.

அவர் எழுதிய வாக்கியம் இதுதான்: “கையில் கத்தியோடு காட்டோரம் நின்ற கல்லை ஊரார் காவல்தெய்வம் என்று நினைத்துப் பதினெட்டு வருஷம் விளக்கேற்றினார்கள், அதனால் யாரும் உடைக்கவில்லை.” தோட்டத்து எல்லையில் மரத்தடி முனியாண்டியைப் பார்த்து வளர்ந்தவருக்குத்தான் இது தோன்றும். மந்திரவாதியும் அந்தக் கல்லை மறந்தே போனான்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு: “என் ரத்தத்தில் மந்திரம் ஏறாது” என்று எழுதுவது. அது கதை மாதிரி தெரியும், உண்மையில் விதியில் இல்லாத சலுகையைக் கேட்பது. முதல் சண்டையிலேயே “எனக்குத்தான் மந்திரம் ஏறாதே” என்று வாக்குவாதம் வரும். தப்பியதற்குக் காரணம் உங்கள் உடம்புக்கு வெளியே இருக்கட்டும். மழை, ஆள்மாறாட்டம், எண்ணிக்கைப் பிழை, யாரோ ஒருவரின் இரக்கம். பெரட்டில், அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது, ஒருவர் பெயருக்கு இன்னொருவர் கைதூக்கினதுகூடப் போதும்.

4. விடுவித்தது யார், செலவு யாருடையது

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். கல்லானவளை மீட்க கிரேட்டர் ரெஸ்டோரேஷன் வேண்டும். ஐந்தாம் நிலை மந்திரம், ஒவ்வொரு தடவையும் 100 பொன் மதிப்புள்ள வைரப்பொடி கரைந்துபோகும். ஒரு கிராமத்துக்கு அது சாதாரணப் பணமா? யார் கொடுத்தார்கள்?

அஞ்சலை விஷயத்தில் கொடுத்தது இன்னொரு ஆட்டக்காரருடைய பூசாரிப் பாத்திரத்தின் மடம். தலைமைப் பூசாரி மந்திரத்தைப் போட்டார், சிஷ்யன் ஒருவனை அவளோடு அனுப்பினார், கடன் தீரும்வரை கூடவே இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி. அந்தச் சிஷ்யன்தான் மற்ற ஆட்டக்காரர். இப்போது இவர்கள் ஏன் சேர்ந்து போகிறார்கள் என்று மேசையில் யாரும் கேட்கவே மாட்டார்கள்.

பழிவாங்கும் பாத்திரம் சாவதற்கு முக்கியக் காரணம் தனிமை. குழுவோடு கட்டிப்போட ஒரு கயிறு வேண்டும். கடன்தான் நான் பார்த்ததிலேயே நல்ல கயிறு, நட்பைவிடவும் நல்லது, ஏனென்றால் முதல் நாளிலேயே வேலை செய்யும்.

5. கொடுங்கோலனைப் படிப்படியாக உடையுங்கள்

ஆறாம் நிலை மந்திரம் போடுகிறவன் குறைந்தது பதினோராம் லெவல் மந்திரவாதி. நீங்கள் ஒன்றாம் லெவல். இடைவெளியை நிரப்ப ஆட்கள் வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். துரையை யாரும் நேரே பார்ப்பதில்லை. ஆட்களை மேய்க்கும் மண்டோர் இருக்கிறார், கணக்கு எழுதும் கிராணி இருக்கிறார், அதற்குமேல்தான் பங்களா. உங்கள் கொடுங்கோலனுக்கும் அப்படி ஒரு மண்டோரையும் ஒரு கிராணியையும் கொடுங்கள். மண்டோரை நாலாம் லெவலுக்குள் பிடித்துவிடலாம், கிராணியை ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில். ஆட்டம் ஏழிலே நின்றுபோனாலும் ஏதோ ஒன்று தீர்ந்திருக்கும்.

அஞ்சலையின் கதையில் கிராணி யார் தெரியுமா? அவள் தம்பி. அன்றைக்குப் பன்னிரண்டு வயது, கல் எறியாமல் நின்றவர்களில் ஒருவன். இன்று முப்பது வயது, மன்னனின் கணக்குப்பிள்ளை. அக்காவுக்கு இன்னும் இருபத்திரண்டுதான். தம்பியைத் தம்பி என்று கூப்பிடவே அவளுக்கு நாக்கு எழவில்லை. அந்த ஒரு காட்சிக்காக மூன்று வாரம் எல்லாரும் காத்திருந்தோம்.

6. கிளாஸ் இப்போதுதான்

பழி என்றதும் எல்லாரும் ஓடுவது பாலடின் (சபதம் ஏற்ற புனித வீரன்) கிளாஸுக்கு, அதில் வெஞ்சன்ஸ் (பழிவாங்கும்) சபதம் இருக்கிறதே என்று. அந்தச் சபதம் 2014 விதிகளில் மூன்றாம் லெவலில்தான் வரும், எஸ்ஆர்டியில் அது இல்லவும் இல்லை, முழுப் புத்தகம் வேண்டும். தப்பில்லை. ஆனால் பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள்.

நான் சொல்லும் வழி: உங்களைத் தாக்கிய மந்திரம் எந்தச் சேவ் கேட்டது என்று பாருங்கள். ஃபிளெஷ் டு ஸ்டோன் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) கேட்கிறது. மாடிஃபை மெமரியும் கீயஸும் விஸ்டம் (மனத்தெளிவு) கேட்கின்றன. “இன்னொரு தடவை அப்படி நடக்க விடமாட்டேன்” என்று நினைக்கிறவள் அந்தப் பக்கம்தானே தன்னை உறுதிப்படுத்திக்கொள்வாள்? ஃபைட்டர் என்ற போர்வீரன் கிளாஸுக்குக் கான்ஸ்டிடியூஷன் சேவில் தேர்ச்சி உண்டு. அஞ்சலை ஃபைட்டர் ஆனாள். விஸ்டம் என்றால் பாலடின் பொருத்தம், இப்போது காரணத்தோடு.

7. எண்கள்

ஆறு திறன்களுக்குப் பகிர்ந்துகொள்ள ஸ்டாண்டர்ட் அரே போதும்: 15, 14, 13, 12, 10, 8. பகடை உருட்டினால் ஒருவருக்கு 18 வரும், பக்கத்தில் இருப்பவர் இரவு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அஞ்சலை மனித இனம், எல்லாவற்றுக்கும் ஒன்று கூடும். டெக்ஸ்டரிட்டி (சுறுசுறுப்பு) 16, கான்ஸ்டிடியூஷன் 15, அதாவது உருட்டும்போது +2. ஃபைட்டரின் முதல் லெவல் ஹிட் பாயின்ட் 10+2, பன்னிரண்டு. கான்ஸ்டிடியூஷன் சேவுக்குத் தேர்ச்சி +2 சேர்த்தால் +4.

இன்டலிஜன்ஸ் (அறிவு) 20 உள்ள பதினோராம் லெவல் மந்திரவாதியை எதிர்த்து எவ்வளவு உருட்ட வேண்டும்? அடிப்படை 8, அவன் தேர்ச்சி 4, அவன் அறிவு 5, மொத்தம் பதினேழு. அவளுக்கு +4 இருப்பதால் இருபதுமுகப் பகடையில் 13 அல்லது அதற்குமேல் விழ வேண்டும். ஐந்தில் இரண்டு வாய்ப்பு. தேர்ச்சி இல்லையென்றால் 15 வேண்டும், பத்தில் மூன்றுதான்.

இந்தக் கணக்கை ஆட்டக்காரரையே போடச் சொல்கிறேன். பயம் எவ்வளவு நியாயமானது என்று தெரிந்தால்தான் பாத்திரத்தின் பயத்தை நடிக்க முடியும்.

சிறப்பு வடுவுக்குத் தனி எண் கேட்காதீர்கள். அஞ்சலைக்கு இடதுகைச் சுண்டுவிரல் இல்லை. கல்லாக நின்றபோது கிளை முறிந்து விழுந்து உடைந்தது. அதனால் கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. யாராவது கையைப் பார்த்தால் அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள், அவ்வளவே.

8. முன்கதை: நோட்டில் ஒரு பக்கம்

ஒரு பக்கத்துக்கு மேல் டிஎம் படிக்கமாட்டார். நானும் படிப்பதில்லை, படித்ததாகத் தலையாட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் மூன்று ஆட்கள் இருந்தால் போதும்: வெறுக்கிற ஒருவர், விட்டுவிட முடியாத ஒருவர், கடன்பட்ட ஒருவர். அப்புறம் உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வி. அஞ்சலையின் கேள்வி: பதினெட்டு வருஷமாக விளக்கேற்றியது யார்?

9. மேசையில் உட்கார்ந்த பிறகு

“நான் பழிவாங்காமல் ஓயமாட்டேன்” என்று ஓர் இரவுக்கு ஒருமுறை சொல்லலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னால் மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். சொல்வதற்குப் பதில் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். திரௌபதை அம்மன் கூந்தலை முடியாமலே இருந்தாள், சபதத்தை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அஞ்சலை எங்கே படுத்தாலும் முதலில் காலை மடக்கி நீட்டிப் பார்ப்பாள், இறுகிவிட்டதா என்று. இரண்டாம் வாரமே மேசையில் எல்லாரும் அதைக் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

குழு வேறு வேலைக்குப் போனால் “எனக்கு அதில் அக்கறையில்லை” என்று தனியே நடக்காதீர்கள். நீங்கள் தனியே போனால் டிஎம் இரண்டு ஆட்டம் நடத்த வேண்டும், நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். “என் பாத்திரம் அப்படித்தான்” என்பது பதிலாகாது, அந்தப் பாத்திரத்தை எழுதியது நீங்கள்தானே. பண்டமாற்றாகச் செய்யுங்கள்: இன்று உன் காணாமல்போன கப்பலைத் தேடலாம், அடுத்த வாரம் என் மண்டோர்.

10. கொடுங்கோலன் சீக்கிரமே எதிரே வந்துவிட்டால்

இரண்டாம் லெவலிலேயே டிஎம் அவனைச் சந்தையில் காட்டுவார், பல்லக்கிலோ மாடத்திலோ. நல்ல டிஎம் காட்டத்தான் செய்வார். புதியவர் உடனே “அடிக்கிறேன்” என்பார். எனக்குத் தெரிந்து மூன்று பேர் அப்படிச் செத்திருக்கிறார்கள், ஒருவர் குழு முழுவதையும் கூட்டிக்கொண்டு.

அந்தக் காட்சி உங்களுக்குக் கிடைத்த தகவல். அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எந்தக் கையால் மந்திரம் போடுகிறான், யாரைப் பார்த்துத் திரும்புகிறான் என்று கேளுங்கள். உணர்ச்சி வேண்டுமென்றால் குழுவில் ஒருவரிடம் “என்னைப் பிடித்துக்கொள்” என்று சொல்லுங்கள். பிடித்துக்கொண்டவருக்கும் அன்று ஒரு காட்சி கிடைக்கும்.

11. பழி தீர்ந்த அடுத்த நிமிடம்

கடைசி அடி உங்களுடையதாக இல்லாமல் போகலாம். பகடைக்குக் கதை தெரியாது. அதை முன்பே டிஎம்மிடம் பேசி வையுங்கள்: வேறொருவர் வீழ்த்தினால் உங்களுக்கு என்ன மிஞ்சும்? அஞ்சலைக்கு மிஞ்சியது மண்டோரும் தம்பியும்தான், ஆட்டம் ஆறாம் லெவலில் நின்றுவிட்டது. மண்டோரைப் பூசாரிச் சிஷ்யன் வீழ்த்தினான். தம்பியை அவள் கொல்லவில்லை. அவன் கையில் ஒரு கல்லைக் கொடுத்து, “இப்போதாவது எறி” என்று மன்னனின் மாளிகைப் பக்கம் காட்டினாள்.

விளக்கேற்றியதும் அவன்தான் என்று நான் அப்போதுதான் சொன்னேன்.

பாத்திரத்தின் தாளைக் கிழித்துப் போடாதீர்கள், டிஎம்மிடம் கொடுத்துவிடுங்கள். அஞ்சலையின் தாள் என் கோப்பில் இருக்கிறது. அடுத்த மாதம் தொடங்கும் ஆட்டத்தில் விடியுமுன் விளக்கோடு நின்று பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும் ஒரு கிழவி வருவாள், சுண்டுவிரல் இருக்காது. புதியவர்களுக்கு அது யாரென்று தெரியாது.